மிஸ்டர் போட்ட நாலு பேர்

அத்தியாயம் 6

"மிஸ்டர் டியூக் பாமர்லோ வீட்டுல இருக்காரா?"

கதவைத் திறந்த அம்மாள் ஹார்லன் பிக்ஃபர்டை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு முழங்கால் வரை சேறு. பனி உருகும் ஏப்ரல் மாதத்தில் ஹேல்ஸ்பரோவில் பாதை என்று பெயருள்ள எதுவும் பாதையாக இருப்பதில்லை. வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

"இருக்காரு. தூங்கறாரு. எழுப்பணுமா?"

"எழுப்பினா நல்லதும்மா. சட்டசபைக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்காரு. அதப் பத்தி ரெண்டே கேள்வி."

"டியூக்கா? கடிதமா?" அம்மாள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "டேய் டியூக்! ஒன்னப் பாக்க ஆள் வந்திருக்கு. எழுந்து வாடா சோம்பேறி!"

உள்ளே மரத்தரையில் நகங்கள் உரசும் சத்தம் கேட்டது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு வேட்டை நாய் ஆடி அசைந்து வந்து, ஹார்லனின் வலிக்கிற முழங்காலாகப் பார்த்து மூக்கை வைத்துத் தேய்த்தது.

பின்னால் நின்ற டினா லவோய் குறிப்பேட்டை மூடினாள். "வாக்குமூலம் ஆச்சு தலைவரே. ரேகை வேணும்னா தரையிலயே இருக்கு."

ஹார்லன் சிரிக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் திருட்டு வேட்டைக்காரர்களைத் துரத்திவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்காமல் சலவைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தது அவர் செய்த முதல் தவறு. முடிதிருத்தும் கடையில் நன்றாக இருந்த டினாவை உதவிக்கு அழைத்துக்கொண்டது இரண்டாவது. "ஊர்ல எல்லார் தலையும் என் கையில இருந்துச்சு, நீங்கதான் வந்து கெடுத்தீங்க" என்று அவளும் வாரம் ஒருமுறை சொல்லிக் காட்டுவாள்.

மூன்றாவது தவறு நேற்று மாலை நடந்தது. எஸ்தர் கிரிண்டலிடம் முடியாது என்று சொல்லாமல் விட்டது.

எஸ்தர் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒன்பது வருடங்களுக்கு முன் நுரை மிதந்தது. மேட்டு வயல்களில் உரம் என்ற பெயரில் கொட்டிய ஆலைக் கசடு, பனி உருகும்போது வழிந்து வந்திருந்தது. அந்த வருடமே அவள் சட்டசபை உறுப்பினரைப் பிடித்து ஒரு மசோதா கொண்டுவர வைத்தாள். ஓடைகளிலிருந்து இருநூற்றைம்பது அடிக்குள் கசடு கொட்டக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்காக ஒவ்வொரு வசந்தத்திலும் தலைநகர் அகஸ்டாவுக்கு எண்பது மைல் கார் ஓட்டிப் போய்ச் சட்டசபைக் குழுவின் முன் மூன்று நிமிடம் பேசுவாள். ஒவ்வொரு வருடமும் அவர்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். மசோதாவைக் கொல்லவும் மாட்டார்கள், வாழவும் விடமாட்டார்கள்.

இந்த வருடம்தான் கதை மாறியது. குழுத் தலைவி தலையாட்டினாள். ஓட்டு விழுந்துவிடும் போலிருந்தது. அப்போது, போன வியாழக்கிழமை, ஹேல்ஸ்பரோவிலிருந்து நூற்று அறுபத்து மூன்று கடிதங்கள் இணையம் வழியாக வந்து இறங்கின. எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரி: 'இந்தச் சட்டம் எங்கள் ஊர் விவசாயிகளின் வயிற்றில் அடிக்கும். இதை நிராகரியுங்கள்.' கீழே பெயரும் முகவரியும் மட்டும் இருந்தன, இணையக் கடிதத்துக்குக் கையெழுத்து கிடையாது.

"உங்க ஊரே வேண்டாங்குதே எஸ்தர்?" என்று தலைவி கேட்டிருக்கிறாள்.

"ஊர்ல யாரையாவது விசாரிச்சீங்களா?" என்று ஹார்லன் நேற்று கேட்டார்.

"எப்படிக் கேக்கறது? கதவத் தட்டி, 'ஏம்மா, நீ எனக்கு எதிரா எழுதினியா'ன்னா?"

அது ஹார்லனுக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்து மனிதர்கள் பள்ளத்தில் விழுந்த உன் காரைக் கொட்டும் பனியில் வந்து இழுத்து விடுவார்கள், நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் 'என்மேல் கோபமா' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்பது மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கிடையாது. எஸ்தர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பாலை அடுத்த ஊரில் வாங்குகிறாள். ஆறு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாளைக்கு ஒரு மணிக்குக் கடைசி விசாரணை. அதுக்குள்ள ஏன்னு மட்டும் தெரிஞ்சா போதும் ஹார்லன். ஜெயிக்கக்கூட வேணாம். எனக்கு அலுத்துப் போச்சு."

"தனியாவா போறீங்க?"

"எப்பவும் தனியாத்தான். பக்கத்து நாற்காலில கோட்டப் போட்டு எடம் பிடிச்சு வெப்பேன், லாயிட் வருவான்னு. என் புருஷன் ஒரு தடவகூட வந்ததில்ல. ஒன்பது வருஷமா கோட்டுதான் கேக்குது."

"கோட்டுக்கு மனப்பாடமே ஆயிருக்கும்" என்றாள் டினா. எஸ்தரும் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

கடிதம் எழுதியவர்கள் பட்டியலின் முதல் பெயரைத் தேடித்தான் இன்று காலை எட்டு மணிக்கு இந்தச் சேற்றில் வந்து நிற்கிறார்கள்.

"எஸ்தரோட சட்டத்துக்கு எதிரா நானா?" ரீட்டா பாமர்லோ நாயின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே கேட்டாள். "எங்க கிணத்துக்கு அந்த ஓடைதான்யா ஊத்து! எஸ்தர் என்னப் பாத்தும் பாக்காத மாதிரிப் போறாளேன்னு ஒரு வாரமா மண்டையப் பிச்சுக்கறேன். பீன்ஸ் பானையத் திருப்பிக் கேட்டேனே, அதுக்குக் கோவமோன்னு நெனச்சேன்."

"டியூக் பேர முகவரியோட வேற எங்கயாவது குடுத்திருக்கீங்களா?"

"நாய் லைசென்ஸ்ல வெறும் டியூக்தான். பாமர்லோன்னு வம்சப் பேரோட எழுதினது ஐஸ் சீட்டுல மட்டும்."

ஹார்லனும் டினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹேல்ஸ்பரோ ஏரி உறைந்ததும் நடுவில் ஒரு பழைய நாற்காலியை வைத்து, அதிலிருந்து கயிறு கட்டி, கரையில் ஒரு கடிகாரத்தோடு இணைத்துவிடுவார்கள். ஐஸ் உடைந்து நாற்காலி மூழ்கும்போது கயிறு இழுத்துக் கடிகாரம் நின்றுவிடும். அந்த நாளையும் நேரத்தையும் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. சீட்டு ஒரு டாலர், மிச்சப் பணம் தீயணைப்பு வண்டிக்கு. ஒரு வருடம் யாரோ விளையாட்டாக நாயின் பெயரில் வாங்கிய சீட்டுக்குப் பரிசு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் வாலுள்ளது எல்லாம் சீட்டு வாங்குகிறது.

"எத்தன சீட்டு?"

"டியூக்குக்கு ரெண்டு. ஒண்ணு கிளெம் கடைல, ஒண்ணு குப்பைக் கிடங்குல."

"துப்பு கெடைச்சாச்சு தலைவரே" என்றாள் டினா, வண்டிக்குத் திரும்பும் வழியில், ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கியபடி. "குற்றவாளிய மோப்பம் பிடிக்க நாய விடுவாங்க. இங்க நாயே சாட்சி."

வண்டியில் ஏறியதும் அவள் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டாள். ஹார்லன் கடையை நோக்கி ஓட்டினார். சீட்டுப் போடும் கண்ணாடி ஜாடி கடை ஜன்னலில்தான் இருக்கிறது. யாரோ அதைக் கவிழ்த்துப் பெயர்களைத் திருடியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

"தலைவரே, பாதிரியார் பேர் இருக்கு. அவருக்குக்கூட மிஸ்டர் இல்ல. டாக்டருக்கு இல்ல. ஊர்ச் செயலாளருக்கு இல்ல."

"அதனால?"

"நூத்தி அறுபத்து மூணு பேர்ல நாலே நாலு பேருக்கு மட்டும் மரியாத. மிஸ்டர் டியூக் பாமர்லோ. மிஸ் டெய்சி நட்டிங். மிஸ்டர் பிக்கிள்ஸ் ஹோபர்ட். மிஸ் குளோரியா ஸ்ப்ரேக். யாரு இவங்கல்லாம், ஊர்ப் பெரிய மனுஷங்களா?"

கடைக்காரர் கிளெம் அதற்குப் பதில் சொன்னார். டோனட் தட்டைத் துடைத்துக்கொண்டே, பட்டியலைத் தொடாமல், தள்ளி நின்று படித்தார்.

"டெய்சி, நட்டிங் வீட்டு ஆடு. பிக்கிள்ஸ் பூன. குளோரியா ஸ்ப்ரேக் வீட்டுக் கோழி, முட்ட போடறத நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஓட்டுப் போட வயசு பத்தாது" என்றாள் டினா.

ஜாடிக்குப் பூட்டு போட்டிருந்தது. தூசிகூடக் கலையவில்லை. "சாவி தீயணைப்புத் தலைவர்கிட்ட இருக்கு. ஐஸ் போற வரைக்கும் தொறக்க மாட்டாங்க. இங்க வாங்கறவங்க அவங்களே எழுதி உள்ள போட்டுடுவாங்க, என்கிட்ட நகல் கெடையாது."

"இந்த ஊர்ல நாய்க்கு மிஸ்டர் போடற ஆள் யாரு கிளெம்?"

கிளெம் ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தார். ஹார்லன் காத்திருந்தார். முப்பது வருடத்தில் அவர் கற்ற வித்தை அது ஒன்றுதான். மான் என்றாலும் மனிதன் என்றாலும், அசையாமல் நின்றால் அதுவே வெளியே வரும்.

"கிடங்குல வாங்கினா அவரே எழுதுவாரு, அடிக்கட்டைப் புத்தகத்துல" என்றார் கிளெம் கடைசியில். "ஆளுங்களுக்கு வெறும் பேரு. வாயில்லா ஜீவன்னா மிஸ்டர், மிஸ். 'அதுங்க கேட்டு வாங்காது, நாமதான் குடுக்கணும்'பாரு. நல்ல மனுஷன் ஹார்லன். விட்டுடுங்க."

"யாரு?"

"கிடங்கப் பாத்துக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? லாயிட் கிரிண்டல்."

டினா பட்டியலை மடித்துக்கொண்டு முதலில் வெளியே நடந்தாள்.

வண்டியில் பாதி தூரம் போனபிறகுதான் பேசினாள். "புத்தகத்த யாரோ திருடியிருப்பாங்க. எஸ்தரம்மா புருஷன் தலைவரே! அந்தக் கசடு கொட்டற கம்பெனி ஆளு ஆஷ்வர்த் இல்ல, சட்டசபைத் தாழ்வாரத்துல கோட்டு சூட்டுல சுத்துவானே, அவன் வேலையாத்தான் இருக்கும்."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"இருக்கலாம்னா, இருந்தா நல்லாருக்கும்."

புதன்கிழமை என்பதால் குப்பைக் கிடங்கு திறந்திருந்தது. ஹேல்ஸ்பரோவுக்குக் கோயிலும் மன்றமும் வம்பு மேடையும் அதுதான். ஓட்டுக் கேட்கிறவர்களும் சனிக்கிழமை காலையில் அங்கேதான் வந்து நிற்பார்கள். லாயிட், யாரோ தூக்கிப்போட்ட ஒரு சாய்வு நாற்காலியில், ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, ஒல்லியான மனிதர். ஹார்லன் பட்டியலை நீட்டியபோது அவர் அதை வாங்கவில்லை.

"நேத்து ராத்திரியே நெனச்சேன்" என்றார். "எஸ்தர் உங்க ஆஃபீஸ் பேர் போட்ட கார்ட மேஜையில வெச்சிருந்தா."

"புத்தகத்தத் திருடிட்டாங்களா?" என்று டினா அவசரமாகக் கேட்டாள்.

"யாரும் திருடல பொண்ணு. நானே குடுத்தேன்."

பக்கத்தில் ஒருவர் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டினார். சத்தம் அடங்கியதும் லாயிட் தொடர்ந்தார்.

"ஆஷ்வர்த் இங்க வந்தான். ஊர்க்காரங்க பேர், முகவரி வேணும்னான். எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டாத்தானா தெரியணும்? புத்தகத்த ஒரு மணி நேரம் குடுத்தேன். அவன் போட்டோ எடுத்துக்கிட்டான்."

"எவ்வளவு குடுத்தான்?"

லாயிட் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஹார்லனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதே கூச்சமாகிவிட்டது.

"ஒன்பது வருஷம், ஹார்லன். ஒவ்வொரு வசந்தத்துலயும் அவ அகஸ்டாலேர்ந்து வந்து, கோட்டக் கழட்டாம சமையலறையில ஒக்காந்திருப்பா. 'அடுத்த வருஷம்னுட்டாங்க'ம்பா. ஒரே ஒரு தடவ யாராவது 'முடியாது போ'ன்னு சொல்லியிருந்தா அழுது தீத்துட்டுத் தூங்கியிருப்பா. போன மார்ச்ல அந்த ரோட்டுல கார் வழுக்கிப் பள்ளத்துல எறங்கிடுச்சு. ரெண்டு விலா எலும்பு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒக்காந்துக்கிட்டு, நர்ஸ்கிட்ட பேனா வாங்கி, அடுத்த பேச்ச எழுதறா. எனக்கு அவ வீட்டுல வேணும். அவ்ளோதான். அவளுக்கு ஒரு 'முடியாது' வாங்கிக் குடுத்துடலாம்னு நெனச்சேன்."

"ஊரே எதிரின்னு நெனச்சுக்கிட்டு ஆறு நாளா சாப்பிடாம இருக்காங்க."

"தெரியும். எதிர்லதானே ஒக்காந்து சாப்பிடறேன்." லாயிட் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "மசோதா போயிடும்னுதான் கணக்குப் போட்டேன். ஊரும் போயிடும்னு தோணல. ஹார்லன், பட்டியல் பொய்ன்னு மட்டும் சொல்லுங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல வேணாம்."

ஹார்லன் தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது அசதிதான். அந்த ஓடையில் செத்து மிதந்த மீன்களைச் சாக்கில் அள்ளியவர் அவர். அறிக்கை எழுதியவர். அந்த அறிக்கைக்கும் அடுத்த வருடம் என்றுதான் பதில் வந்தது.

"தலைவி அதத்தான் முதல்ல கேப்பா, லாயிட். நான் சொன்னா அது துப்பு. நாய்க்கு மிஸ்டர் போட்டிருக்குன்னு சொன்னா சிரிப்பாங்க, ஆஷ்வர்த் ஏதாவது சமாளிப்பான். நீங்க சொன்னாத்தான் சாட்சி." காரின் கதவைத் திறந்துகொண்டே திரும்பினார். "ஒரு மணிக்கு ஆரம்பிக்குது. வழி உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

எண்பது மைலும் டினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "வருவாரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஹார்லன் வேகத்தைக் கூட்டினார்.

விசாரணை அறையில் எஸ்தர் இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் கோட்டு. குழுவுக்குக் கொடுக்க இருபது நகல்களை முனை மடங்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"ஊர்ல ஒருத்தரும் எழுதல எஸ்தர். உங்ககிட்ட பேசாம ரீட்டாவுக்குத் தூக்கமில்ல. பேரெல்லாம் ஐஸ் சீட்டுலேர்ந்து எடுத்தது. அதுல ஒரு நாய், ஒரு ஆடு, ஒரு பூன, ஒரு கோழி இருக்கு."

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை விட்டதும் தோள்கள் இரண்டும் இறங்கின. பிறகு கண்ணைத் திறந்து, "எந்தச் சீட்டு?" என்றாள்.

அதற்குள் குழுத் தலைவி, செனட்டர் வினிஃப்ரெட் மோர்ஸ், சுத்தியலைத் தட்டிவிட்டாள். ஹார்லனுக்கு அந்தச் சுத்தியல்மேல் நன்றி பெருகியது.

இங்கே பேசுவதற்கு மூன்று வரிசை. முதலில் ஆதரவு, பிறகு எதிர்ப்பு, கடைசியாக இரண்டும் இல்லாதவர்கள். "என் கல்யாணத்துல எங்கம்மா மூணாவது வரிச" என்று டினா முணுமுணுத்தாள். எஸ்தர் போய்த் தன் மூன்று நிமிடத்தைப் பேசிவிட்டு வந்தாள். குரல் நடுங்கவில்லை, ஆனால் பத்தாவது தடவை சொல்கிற கதை என்பது தெரிந்தது. அடுத்து ஆஷ்வர்த் எழுந்து, சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டு, "நூற்று அறுபத்து மூன்று சாதாரண மக்களின் குரல்" என்று ஆரம்பித்து ஆறு நிமிடம் உருகினான். ஹார்லன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை.

"ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை?" என்று தலைவி வழக்கமாகக் கேட்டாள். பெரும்பாலும் அந்த வரிசையில் யாரும் இருப்பதில்லை. சுத்தியலை எடுத்தாள்.

ஹார்லன் எழுவதற்காக முழங்காலில் கையை ஊன்றினார்.

"நான் இருக்கேன்" என்றது பின்னால் ஒரு குரல்.

ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது, அதைப் பார்க்க ஹார்லனுக்குத் தாங்கவில்லை.

"என் பேரு லாயிட் கிரிண்டல். ஹேல்ஸ்பரோ. ஆதரவுன்னு சொல்ற யோக்கியத எனக்கு இல்ல, அதனால இந்த வரிசையில நிக்கறேன்." ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குனிந்தார். "அந்தப் பேரெல்லாம் என் சீட்டுப் புத்தகத்துல இருந்து போனது. அதோ, ஆறு நிமிஷம் பேசினாரே, அவருக்கு நான்தான் குடுத்தேன். ஊர்ல யாரையும் யாரும் கேக்கல. யாரும் எழுதல. மிஸ்டர்னு போட்டிருக்கறதெல்லாம் மிருகங்க. அது என் கைப் பழக்கம்."

"மிஸ்டர் டியூக் பாமர்லோ?" தலைவி கண்ணாடியை இறக்கினாள்.

"நாய்ங்கம்மா. நல்ல நாய்."

அறை சிரித்தது. ஆஷ்வர்த் மட்டும் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களுக்கு வந்ததைத்தான் அனுப்பினோம் என்று எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தான். தலைவி அவனை உட்காரச் சொன்னாள். கடிதங்களை நீக்கிப் பத்திரமாக வைக்கும்படி எழுத்தரிடம் சொன்னாள், அவற்றைப் பற்றி வேறு இடத்தில் கேட்பார்கள் என்றாள். பிறகு, "மசோதா மீது நாளை மறுநாள் ஓட்டு" என்றாள். அடுத்த வருடம் என்று அவள் சொல்லவில்லை.

லாயிட் எஸ்தரின் வரிசைக்கு வந்து நின்றார். உட்கார இடமில்லை, கோட்டு இருந்தது. எஸ்தர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மசோதாவை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒருவேளை அவள் கடைசிவரை திரும்பாமலே போகலாம் என்று ஹார்லன் நினைத்தார். திரும்பாவிட்டால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"ஊர் பூரா எதிரின்னு நெனச்சேன்" என்றாள் எஸ்தர், திரும்பாமலே. "கடைசில ஒரே ஆளு."

"ஆமா" என்றார் லாயிட்.

"ரீட்டாவ நான் ரோட்டுல பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

"ஆமா."

வெகுநேரம் கழித்து அவள் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். நாற்காலி முனையில்தான் உட்கார்ந்தார்.

"நாளை மறுநாள் கார நீதான் ஓட்டறே" என்றாள் அவள். "போக எண்பது, வர எண்பது. வாயத் தொறக்கக் கூடாது."